வீடென்னும் சொல்லும் வீடிலார் துயரும்



உறைவிடத்தைக் குறிக்க நம் மொழியில் வழங்கும் சொற்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இல், இல்லம், அகம், மனை, குடி, குடில், குடிசை, உறையுள், வீடு, புக்கில், துச்சில். அத்தனையும் தூய தமிழ்; ஒன்றேனும் கடன் வாங்கியதன்று. ஒன்றற்கு ஒன்று மாற்றாக நிற்பது போல் தோன்றினும் ஒவ்வொன்றற்கும் தனித்தனிப் பொருட்சாயல் உண்டு. நிலையாகப் புகுந்து வாழும் இடம் புக்கில். சின்னாள் ஒதுங்கியிருக்கும் இடம் துச்சில். தங்குதலிலும் நிலையுள்ளது எது, நிலையற்றது எது என்று பகுத்துப் பெயரிட்ட இனம் நம் இனம்.

அவ்வினத்தின் தலைநகரில், வானளாவிய மாடங்களின் காலடியில், புக்கிலும் இன்றித் துச்சிலும் இன்றி, தாளையும் கோணியையும் விரித்து நடைபாதையில் படுத்துறங்கும் குடும்பங்கள் உள்ளன. ஒருநாள் இருநாளாக அன்று. தலைமுறை தலைமுறையாக உள்ளன. சென்னைத் துறைமுகத்தை அடுத்த பழைய வணிகத் தெருக்களில், கடைகள் மூடிய பின் வந்து பாருங்கள். பாட்டியும் அங்கே பிறந்தவள். தாயும் அங்கே பிறந்தவள். அவள் மடியில் உறங்கும் குழந்தையும் அங்கே பிறந்தது. இவர்களைத் தாண்டிக் கால் வைத்து நடந்துகொண்டே நாம் தமிழின் சொல்வளத்தைப் பேசுகின்றோம். இக்கட்டுரை அந்நடையைச் சற்று நிறுத்தச் சொல்லவே எழுதப்படுகிறது.

விடுதலே வீடு

'வீடு' என்பது 'விடு' என்னும் வினையடி நீண்டு பிறந்த பெயர். படு என்பது பாடு என்றும், கெடு என்பது கேடு என்றும், சுடு என்பது சூடு என்றும் ஆனவாறே விடு என்பது வீடு என்று ஆயிற்று. பகலெல்லாம் உழைத்தவன் தோட்சுமையை இறக்கி, பிறர் ஏவலை விட்டு, அச்சத்தை விட்டு, தானாக இருக்கும் இடம் அவன் வீடு. உயிர் தன் தளையெல்லாம் நீங்கி நிற்கும் நிலைக்கும் நம் முன்னோர் வேறு சொல் தேடவில்லை. அதனையும் வீடு என்றே வழங்கினர். கூரையின் கீழ்க் காணும் விடுதலையும் உயிரின் இறுதி விடுதலையும் ஒரே சொல்லில் அடங்கிய மொழி இது.

இப்பொழுது நடைபாதையில் உறங்குபவனை நோக்குங்கள். எதனை அவனால் விட முடிகிறது? செருப்பைக் கழற்றினால் தலைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டையைக் கையோடு கட்டிக்கொள்ள வேண்டும். கடை அடைக்கும் வரை படுக்க இயலாது. கடை திறக்குமுன் எழுந்துவிட வேண்டும். வளர்ந்த மகளை நடுவில் படுக்க வைத்துத் தாய் விடியுமட்டும் விழித்திருக்க வேண்டும். மழை வந்தால் எழ வேண்டும். காவலர் வந்தால் எழ வேண்டும். குடியன் வந்தால் எழ வேண்டும். உறக்கத்திலும் எதனையும் விட முடியாதவனே வீடற்றவன். இவனுக்கு இம்மை வீட்டையும் மறுத்துவிட்டு மறுமை வீட்டைப் பற்றிப் பாடம் நடத்துவோரை என்னென்பது!

அடுத்து 'அகம்' என்னும் சொல். உள்ளிடம், உள்ளம், உறைவிடம் என்னும் மூன்றும் அச்சொல்லின் பொருள். காதல் வாழ்வை அகம் என்றும் ஏனையவற்றைப் புறம் என்றும் வகுத்தவர் நாம். அகவாழ்வைப் பிறர் கண்படாமல் காத்தல் வேண்டும் என்பதனால், அகப்பாட்டில் தலைவன் தலைவியின் இயற்பெயரைக்கூடச் சுட்டலாகாது என்று இலக்கணம் வகுத்தவர் நாம். வீடற்றவளுக்கோ குளியலும் தெருவில், சமையலும் தெருவில், பிணக்கும் நோயும் மகப்பேறும் தெருவில். அவளுடைய அகமெல்லாம் புறமாக்கப்பட்டுவிட்டது.

வருவாய்த்துறைக் கணக்கில் 'புறம்போக்கு' என்றொரு சொல் உண்டு. வரி விதிப்புக்குப் புறம்பாக விடப்பட்ட ஏரிக்கரை, ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரம், சாலை ஓரம் முதலியவற்றுக்கு அது பெயர். ஊருக்குப் பொதுவான நிலம் என்பதே அதன் கருத்து. அந்நிலத்துக்கு இட்ட பெயர் இன்று மாந்தனுக்கு வசையாகிவிட்டது. வேறிடம் இல்லாமையால் அங்கே ஒதுங்கியவனையே அச்சொல்லால் திட்டுகிறோம். தமிழ்ச்சொல் ஒன்று ஏழையின் முகத்தில் எறியும் கல்லாகிவிட்டதே என்று நம்முள் எத்தனை பேர் வருந்தியிருக்கிறோம்?

குடியும் குடிமதிப்பும்

'குடி' என்னும் சொல்லினின்றே குடிலும் குடிசையும் குடும்பமும் பிறந்தன. குடிமகனும் குடியுரிமையும் குடியரசும் பிறந்தன. குடியிருத்தலும் குடிமகனாயிருத்தலும் வேர் ஒன்றே உடையன. இதனை அரசுகள் மறந்தாலும் அவற்றின் அலுவலகங்கள் நாள்தோறும் நமக்கு நினைவூட்டுகின்றன. பங்கீட்டு அட்டை வேண்டுமா, முகவரிச் சான்று கொண்டு வா. வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டுமா, முகவரி சொல். வைப்பகத்தில் கணக்கு வேண்டுமா, முகவரி காட்டு. குடியிருக்க இடமில்லாதவன் குடிமகனாகவும் இருக்க முடியாமல் போவது இவ்வாறுதான். அரசின் உதவி யாருக்கு முதலில் வேண்டுமோ அவன் அரசின் ஏட்டில் இல்லாதவன் ஆகிறான்.

2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது வீடற்றோரை எண்ணுவதற்கு ஒரே ஓர் இரவு ஒதுக்கப்பட்டது. பிப்பிரவரி 28-ஆம் நாள் இரவு. சாலை ஓரத்திலும், நடைபாதையிலும், பெருங்குழாய்களுக்குள்ளும், மேம்பாலத்தின் கீழும், மாடிப்படியின் அடியிலும், கோயில் மண்டபத்திலும், தொடர்வண்டி நிலையத்திலும் உறங்கியவரை அன்றிரவு எண்ணினர். இந்தியா முழுமைக்கும் வந்த தொகை 17 இலக்கத்து 73 ஆயிரம். ஓரிரவில் கண்ணில் பட்டவர் மட்டுமே இத்தொகை. துரத்தலுக்கு அஞ்சி இருளில் ஒதுங்கியவரும், அன்றிரவு கூலிவேலைக்குப் போயிருந்தவரும் இதில் அடங்குவரோ? அதன்பின் பத்தாண்டு கழித்து 2021-இல் எடுக்க வேண்டிய குடிமதிப்பு அவ்வாண்டில் எடுக்கப்படவும் இல்லை. இடமில்லாதவரை எண்ணுவதற்கும் ஏட்டில் இடமில்லாமல் போயிற்று!

யார் பற்றிக்கொண்டவர்?

'ஆக்கிரமிப்பாளர்' என்னும் சொல்லைக் கேளாத நாளில்லை. வடசொல், வன்சொல். படையெடுத்து வந்து பிறர் நாட்டைப் பற்றிக்கொள்ளும் வேந்தனுக்குப் பொருந்தும் சொல். அதனைக் கொண்டுபோய், நாலு கழியும் ஒரு கிழிந்த தார்ப்பாயும் வைத்து வாய்க்கால் ஓரத்தில் குந்தியிருக்கும் கிழவியின் தலையில் கட்டுகின்றனர். சொல் தூயதன்று என்பது அதன்மேல் நாம் கூறும் முதற் குற்றம். சொல்லில் நேர்மையில்லை என்பது அதனினும் பெரிய குற்றம்.

சென்னையின் நடுவே ஓடும் பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். படகுகள் ஓடிய நீர்வழி அது. சேப்பாக்கத்தினின்று திருவான்மியூர் வரை அக்கால்வாயின் உள்ளேயே தூண்களை நாட்டிப் பறக்கும் தொடர்வண்டிப் பாதை கட்டப்பட்டது. நீரின் நடுவில் தூண் நட்டது வளர்ச்சி. அதே நீரின் கரையில் குடிசை போட்டது ஆக்கிரமிப்பு! தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். பெருங்குடியில் மாநகரின் குப்பைமேடே அச்சதுப்பின்மேல்தான் எழுந்தது. சதுப்பைத் தூர்த்து எழுந்த நிறுவனங்களும் அரசின் கட்டடங்களும் அடுக்குமாடி மனைகளும் எத்தனை! அவற்றின் வாயிலில் இடிபொறி நின்றதுண்டா? வெள்ளம் வந்தால் மட்டும் அது நேரே குடிசையைத் தேடி வருகிறது. 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. வெள்ளத்திலிருந்து காக்கவே பெயர்த்தோம் என்றனர். கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் சதுப்பை ஒட்டி வெள்ளம் சூழும் தாழ்நிலங்களே!

2022-ஆம் ஆண்டு மேத் திங்களில் சென்னை இராசா அண்ணாமலைபுரத்துக் கோவிந்தசாமி நகரில் அக்கால்வாய்க்கரை வீடுகள் உச்சநயன்மன்ற ஆணையின்பேரில் இடிக்கப்பட்டன. பல்லாண்டுகளாக மக்கள் வாழ்ந்த இடம் அது. அப்பகுதியைச் சேர்ந்த முதியவர் ஒருவர், இடிபொறிகளும் காவலரும் சூழ நின்ற இடத்தில், தம் உடம்பில் தீ மூட்டிக்கொண்டு மாண்டார். ஓர் உயிர் எரிந்த பிறகே இடிபொறி நின்றது. வீடு என்பது கல்லும் மண்ணும் மட்டும் என்று கருதுவோர் இந்நிகழ்ச்சிக்கு விடை சொல்லட்டும். கல்லுக்காகவும் மண்ணுக்காகவுமா ஒருவர் எரிவார்?

கண்ணகி பெயரில் ஒரு நகர்

சென்னைக்குத் தெற்கே, கணினி நிறுவனங்கள் நிரல்நிரலாக நிற்கும் பழைய மாமல்லபுரம் சாலையில், துரைப்பாக்கத்தை அடுத்துக் கண்ணகி நகர் உள்ளது. 2000-ஆம் ஆண்டு முதற்கொண்டு மாநகரின் நடுவிலிருந்த குடிசைவாழ் மக்கள் அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டனர். ஏறத்தாழ 15,000 வீடுகள். தொடக்கத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடி அளவின. அதற்குள் ஒரு குடும்பம். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், வலையும் படகும் கிடக்கும் கரையை விட்டு மீனவக் குடும்பங்களும் இங்கும் செம்மஞ்சேரிக்கும் பெயர்க்கப்பட்டன. பின்னர்ப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. மின்தூக்கி நின்றுவிட்டால் முதியவர் வீட்டுக்குள்ளேயே சிறைப்பட வேண்டும்.

"வீடு கொடுத்தோமே, இன்னும் என்ன?" என்று கேட்போர் உளர். கேட்கட்டும், விடை உண்டு. மயிலையில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள், விடியலில் நடந்து போய் நண்பகலில் தன் குழந்தைக்குச் சோறூட்டத் திரும்பியவள், இன்று இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். கூலியில் ஒரு பங்கு வழிச்செலவாகிறது. போகவரவே அரைநாள் ஆகிறது. ஈற்றில் வேலையும் போகிறது. பள்ளியாண்டின் நடுவில் பெயர்க்கப்பட்ட பிள்ளை படிப்பை விடுகிறது. கடனுக்குப் பொருள் தந்த கடைக்காரர், பேறுகாலத்தில் ஓடிவந்த அண்டைவீட்டாள், நோய்க்கு மருந்து தந்த அரசு மருத்துவமனை இவை அனைத்தும் வீட்டின் பகுதிகள். சுவரையும் கூரையையும் மட்டும் வண்டியில் ஏற்ற முடியும். ஏனையவற்றை எந்த வண்டியில் ஏற்றுவர்? வீட்டை விட்டுவிட்டுப் பழைய நடைபாதைக்கே சிலர் திரும்பி வருவது சோம்பலால் அன்று. நடைபாதையில் வேலையாவது இருக்கிறது என்பதனால்.

இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. வேலை கேட்டுப் போகும் இளைஞன் கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் முதலாளியின் முகம் மாறுகிறது. அதனால் ஊர்ப் பெயரை மறைத்து வேறோர் ஊர்ப் பெயர் சொல்லும் இளைஞர் பலர். தமிழினத்தின் கற்புக்கும் அறச்சீற்றத்துக்கும் அடையாளமான ஒருத்தியின் பெயரைத் தமிழ் இளைஞன் தமிழ்நாட்டில் நாணி மறைக்கிறான்! 2025-ஆம் ஆண்டு பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் பொன்பதக்கம் வென்ற மகளிர் சடுகுடு அணியில் அந்நகரின் பெண்ணொருத்தி ஆடி வென்றாள். அன்று நாடே அந்நகரின் பெயரைப் பெருமையோடு சொல்லிற்று. ஒரு பெண் பதக்கம் வென்றால்தான் ஓர் ஊர்க்கு மதிப்பு என்றால், பதக்கம் வெல்லாத மற்றையோர் எங்கே போவர்?

கண்ணகியின் பெயரை அந்நகர்க்குச் சூட்டியோர் சிலப்பதிகாரத்தைச் சற்றுப் புரட்டியிருந்தால் நன்றாயிருக்கும். புகாரில் மாடமாளிகையில் வாழ்ந்த கண்ணகி, வீடிழந்து, பொருளிழந்து, கால் கொப்பளிக்க நடந்து மதுரையின் புறஞ்சேரிக்கு வந்தாள். வேந்தன் அரண்மனை அங்கே இருந்தது. பெருவணிகர் மாடங்கள் இருந்தன. கவுந்தியடிகள் அவ்வாயில்களுக்கு அவளை அனுப்பவில்லை. பாலும் தயிரும் விற்று வாழ்ந்த ஆயர்குலத்து மாதரியின் கையில் அடைக்கலமாகத் தந்தார். மாதரி என்ன செய்தாள்? வேலி சூழ்ந்த காவலான சிறுவீடு ஒன்றில் அவர்களைக் குடியமர்த்தினாள். அரிசியும் காயும் கனியும் பாலும் தந்தாள். தனிமை தீரத் தன் மகள் ஐயையைத் துணையாக்கினாள். ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளவில்லை. தன் குடியோடு சேர்த்துக்கொண்டாள். பின்னர், அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினோமே என்று தீயிற் புகுந்து உயிர்விட்டாள். அவள் இழைத்த பிழை எதுவும் இல்லை. ஆயினும் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டாள்.

அவளிடத்துச் செல்வம் இல்லை, அருள் இருந்தது. அடைக்கலம் என்னும் தமிழ்ச் சொல்லின் முழுப்பொருளும் அவளே. கண்ணகி நகர்கள் கட்டுவோர் மிகுந்த நாட்டில் மாதரியர் குறைந்துபோயினர்.

அன்பும் அருளும்

இரக்கம் என்பதை இன்று நாம் மிகவும் மலிவாக்கிவிட்டோம். திருவிழா நாளில் சோற்றுப் பொட்டலம் கொடுப்பதும், குளிர்காலத்தில் ஒரு போர்வை கொடுத்து நிழற்படம் எடுத்துக்கொள்வதும் இரக்கமாகிவிட்டன. நம் முன்னோர் இதனை நுணுக்கமாகப் பகுத்தனர். உறவுடையார் மேற் செல்லும் நெகிழ்ச்சி அன்பு. உறவு நோக்காமல் எவ்வுயிர் மேலும் செல்லும் நெகிழ்ச்சி அருள். அன்பு முதிர்ந்து அருளாக வேண்டும். தன் வீட்டு வாயிலோடு நின்றுவிட்ட அன்பு முதிராத காய். வள்ளுவர் இல்வாழ்க்கையைத் தனியோர் அதிகாரமாக வைத்தபோது, இல்வாழ்வானின் கடமைகளுள் ஒன்றாக வறியோர்க்குத் துணையாதலையும் வைத்தார். வீடு கட்டுவதே பிறர்க்கும் நிழல் தருவதற்காக என்பது அதன் கருத்து.

'விருந்து' என்னும் சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதற்பொருள் புதுமை. முன்பின் அறியாமல் புதிதாய் வந்தவனே விருந்தினன். மாமனும் மைத்துனனும் வந்தால் அவர் உறவினர். அறியாதவனுக்கு இடங்கொடுத்தால்தான் அது விருந்தோம்பல். நம் பழைய வீடுகளின் முகப்பில் திண்ணை இருந்தது. வழிப்போக்கன் உட்காரவும் உறங்கவும் கட்டிய இடம் அது. இன்றைய வீட்டின் முகப்பில் இரும்புக் கதவும் நாயைப் பற்றிய எச்சரிக்கையும் உள்ளன. கடை வாயிலில் எவனும் படுத்துவிடக் கூடாதென்று இரும்பு முள் பதிக்கவும் சிலர் கற்றுக்கொண்டனர்.

பழமை முழுவதும் பொன் என்று நாம் சொல்லவில்லை. அத்திண்ணை எல்லார்க்கும் திறந்திருந்ததா? இல்லை. சேரியிலிருந்து வந்தவனுக்குத் திண்ணை மட்டுமன்று, தெருவே மூடியிருந்தது. சேர்ந்து வாழும் இடம் என்னும் நல்ல பொருளுடைய 'சேரி' என்னும் சொல்லையே ஒதுக்கிவைக்கும் இடத்தின் பெயராக்கியது சாதிக் கொடுமை. இன்று மாநகரின் ஓரத்தில் ஆயிரக்கணக்கில் ஏழைகளைக் குவித்து வைப்பதும், அவ்விடத்தின் பெயரைக் கேட்டு முகஞ்சுளிப்பதும் அப்பழங்கொடுமையின் புதுவடிவமே. பெயர்க்கப்படுவோருள் பெரும்பகுதியினர் எக்குலத்தார் என்று வினவிப் பாருங்கள். விடை அங்கே கிடைக்கும். பழமையில் கொள்ள வேண்டியது மாதரியின் நெஞ்சம்; தள்ள வேண்டியது ஊரையும் சேரியையும் பிரித்த கோடு.

பெயர் மாறினால் போதுமா?

1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 1971-இல் குடிசைப் பகுதிகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அந்நாளில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே, கடற்கரையை ஒட்டியும் நகரின் நடுவிலும், அடுக்கு வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. பழுதுகள் இருந்தன; ஆயினும் ஏழைக்கும் நகரின் நடுவில் உரிமையுண்டு என்னும் கொள்கை அதில் இருந்தது. நிலத்தின் விலை ஏற ஏறக் கொள்கை இறங்கிற்று. நடுவிலிருந்த நிலம் பொன்னாயிற்று. அதன்மேல் இருந்த மாந்தன் சுமையானான். 2021-இல் அவ்வாரியத்துக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப்பெயர் சூட்டினர். அதே ஆண்டில், ஈழத்திலிருந்து வந்த நம் உடன்பிறப்புகள் வாழும் இடங்களுக்கும் பெயர் மாற்றினர். 'அகதிகள் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று.

'அகதி' என்பது வடசொல். கதியற்றவன் என்பது அதன் பொருள். அப்பெயர் நீங்கியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஏதிலி என்னும் தமிழ்ச் சொல்லை நாம் நெடுநாளாக வழங்கி வருகிறோம். ஆனால் 1983-இல் வந்தவரின் பேரனும் இன்று முகாமிலேயே பிறந்து வளர்ந்திருக்கிறான். தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தான். தமிழ்ப் பள்ளியில் படித்தான். தமிழன்றி வேறு மொழி அறியான். குடியுரிமை மட்டும் இல்லை. 2019-இல் இந்திய அரசு குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாக்கித்தான், வங்காளதேயம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாட்டினின்று வந்த சில மதத்தினரைச் சேர்த்தது, ஈழத்தமிழரைச் சேர்க்கவில்லை. பெயரில் மறுவாழ்வு வந்தது, வாழ்வு வரவில்லை.

இவ்விடத்தில் நம் இயக்கத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெயர் மாற்றம் நம் பணிகளுள் ஒன்று. அதனை எவரும் எள்ளற்க. பிழையான சொல் பிழையான எண்ணத்தை வளர்க்கும். ஆயினும் சொல்லைத் திருத்தியவுடன் பொருள் தானே திருந்திவிடும் என்று இருந்துவிடுதல் பெரும்பிழை. 'அநாதை' என்பதை நீக்கி 'ஆதரவற்றோர்' என்று எழுதலாம். எழுதியவன் ஆதரவு தராவிட்டால் அச்சொல் இன்னும் கூர்மையாக அவனையே சுட்டும். 'பிளாட்பாரம்' என்பதை 'நடைபாதை' என்று திருத்தியாயிற்று. அதன்மேல் படுத்திருப்பவன் படுத்தே இருக்கிறான். ஆட்சியாளர்க்கு எளிதான வேலை பலகையை மாற்றுவது. பலகையைக் காட்டி நம்மை மகிழ்வித்துவிட்டுப் பணியை மறந்துவிட அவர்களுக்கு நாமே வழிசெய்து கொடுத்தல் ஆகாது.

"மொழிக்குப் போராடும் நமக்கு வீட்டுச் சிக்கல் எதற்கு?" என்று சிலர் வினவக்கூடும். தாய்மொழி எங்கே வாழ்கிறது? ஏட்டிலா, மேடையிலா? வீட்டில் வாழ்கிறது. தாலாட்டும் விடுகதையும் பாட்டி சொல்லும் பழமொழியும் கூரையின் கீழ்ப் பிறப்பவை. ஆண்டுக்கொரு முறை வேரோடு பிடுங்கப்படும் குடும்பத்தின் குழந்தை எந்தப் பள்ளியில் தமிழ் எழுதக் கற்கும்? தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுகிறோம். அச்சுவரின் அடியில் உறங்கும் தமிழ்க் குழந்தைக்கு அதனைப் படிக்கத் தெரியாது.

"தெருவில் கிடப்போரில் வேற்றுமொழியாரும் உளரே" என்பாரும் உண்டு. இருக்கட்டும். வேலைதேடி வந்து, ஏமாற்றப்பட்டு, நோயுற்று, மனம் பேதலித்து நம் தெருவில் கிடப்பவனிடம் மொழி கேட்டுவிட்டு நீர் கொடுப்பது தமிழ் அறமன்று. ஆளவந்தவனின் மொழியை எதிர்ப்போம். அடைக்கலம் வந்தவனின் மொழியை வினவோம். வள்ளலார் 1867-இல் வடலூரில் அறச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே உண்ண வருவோரிடம் எவரும் குலமும் மொழியும் கேட்பதில்லை.

செய்ய வேண்டுவன

சட்டம் இல்லாமல் இல்லை. பம்பாய் நடைபாதை மக்களின் வழக்கில் 1985-ஆம் ஆண்டு உச்சநயன்மன்றம், பிழைப்புரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பே, முன்னறிவிப்பு கொடுத்து அகற்றலாம் என்றும் இடங்கொடுத்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிய கதை! 2010-ஆம் ஆண்டில் அம்மன்றம், நகரங்களில் இலக்கம் மக்களுக்கு ஓர் இரவுக்காப்பகம் வீதம் பகலிரவு திறந்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2013-இல் நடுவணரசு வகுத்த திட்டம் ஒருவருக்கு 50 சதுர அடி என்று அளவும் குறித்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைப்படி விரிந்த சென்னை மாநகர்க்கு மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட காப்பகங்கள் வேண்டும். அவையும் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு என்று பிரித்தால், கணவனும் மனைவியும் குழந்தையுமாய்த் தெருவில் வாழும் குடும்பம் எங்கே போகும்? குடும்பத்தைப் பிரித்துக் கொடுக்கும் கூரையைக் காட்டிலும் சேர்ந்திருக்கும் தெருவே மேல் என்று அவர்கள் இருந்துவிடுகின்றனர்.

ஆகலின் நாம் கேட்பவை இவை. மாற்றிடம் அதே பகுதியில் அணியமாகாமல் ஒரு குடிசையும் இடிக்கப்படலாகாது. பள்ளியாண்டின் நடுவிலும் மழைக்காலத்திலும் எவரையும் பெயர்க்கலாகாது. நீர்நிலையை மீட்பதாயின் கட்டடங்களில் தொடங்கிக் குடிசையில் முடிக்க வேண்டும். குடும்பங்கள் பிரியாமல் தங்கும் காப்பகங்கள் ஒவ்வொரு வட்டத்திலும் வேண்டும். முகவரி இல்லாமை எந்த உரிமைக்கும் தடையாகலாகாது. அவன் உறங்கும் தெருவே அவன் முகவரி எனப் பதிக. முகாம்களில் வாழும் ஈழத்தமிழருள் இங்கேயே வாழ விரும்புவோர்க்குக் குடியுரிமை வழங்குக.

அரசிடம் கேட்பவை இவை. நம்மிடம் நாமே கேட்க வேண்டுவனவும் உள. நம் தெருவில் உறங்கும் குடும்பத்தின் பெயர் நமக்குத் தெரியுமா? அவர்தம் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று ஒருநாளேனும் கேட்டோமா? பங்கீட்டு அட்டைக்கு விண்ணப்பம் எழுதித் தரத் தனித்தமிழ் எழுதத் தெரிந்த நம் கைக்கு ஒரு மணிநேரம் இல்லையா? கண்ணகி நகரிலிருந்து வேலை கேட்டு வரும் இளைஞனை நம் கடையில், நம் அச்சகத்தில், நம் பள்ளியில் சேர்த்துக்கொள்ளத் தடையென்ன? குடிக்கூலிக்கு வீடு கேட்டு வருபவனிடம் குலம் கேட்பதை நம்முள் எத்தனை பேர் விட்டிருக்கிறோம்? ஒவ்வொரு கிளை மன்றமும் தன் பகுதியில் ஒரு குடும்பத்தையேனும் மாதரியைப் போல் அடைக்கலமாக ஏற்று, அதற்கு வேண்டிய சான்றுகளும் பள்ளியும் கூரையும் கிடைக்கும் வரை உடன் நிற்குமாயின், ஆயிரம் பொதுக்கூட்டம் செய்யாத தமிழ்ப்பணியை அது செய்யும்.

'இல்' என்னும் ஒரே சொல் நம் மொழியில் வீட்டையும் குறிக்கும்; இல்லாமையையும் குறிக்கும். வேற்றுமை உருபாய் நின்று இடத்தையும் காட்டும். 'இல்' உடையவனும் 'இல்' என்பவனும் ஒரே சொல்லுக்குள் அருகருகே நிற்கின்றனர். இடையில் ஒரு சுவரே உண்டு. அச்சுவரில் ஒரு கதவு வைப்பதும் வையாமையும் உள்ளே இருப்பவன் கையில் உள்ளது. கதவைத் திறவுங்கள்!